பதினொரு கூட்டங்களின் தலைவி

தான் ஒரு சங்கத்துக்குத் தலைவி என்று கஜலட்சுமி தெரிந்துகொண்டபோது, அந்தப் பதவிக்கு வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் பதினொரு கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியிருந்தாள். இரண்டில் உரையும் ஆற்றியிருந்தாள். ஒன்று மருந்தடிக்கும்போது காக்கும் பாதுகாப்பைப் பற்றி, மற்றது நன்றியுரை. அந்த நேரமெல்லாம் பொலித்தீன் கூடாரத்துக்குள் குனிந்து குடைமிளகாய் பறித்துக்கொண்டிருந்ததாகத்தான் அவளுக்கு ஞாபகம். ஆனால் கூலிக்காரியின் ஞாபகத்தை யார் நம்புவார்கள்? எழுத்தில் இருந்தால்தான் நடந்தது என்று அர்த்தம்.

அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரை படித்தாள். கணிதத்தில் சித்தியடையவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று வருடமாகக் கணித ஆசிரியரே வரவில்லை என்றாலும், குறை அவளுடைய பெயரில்தான் பதியப்பட்டது. பிறகு கொழுந்து பறித்தாள். கல்யாணம் ஆனது. கணவன் கொழும்பில் ஓர் இரும்புக்கடைக்குப் போய், தீபாவளிக்கும் சித்திரைக்கும் மட்டும் வருகிற விருந்தாளியானான். தோட்டத்தில் பாதி மலை காடேறியது. காடேறிய மலையில் கொழுந்து இல்லை, கொழுந்து இல்லாத மலையில் வேலையும் இல்லை.

குவைத்துக்குப் போனாள். போகுமுன் கொழும்பில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஒரு கந்தோரில் நான்கு இடத்தில் கையெழுத்து வைத்தாள். வேலை இரண்டு வருடத்துக்கு என்று வாய் சொன்னது, மூன்று வருடத்துக்கு என்று கடதாசி சொன்னது. வாயும் கடதாசியும் சண்டை பிடித்தால் எது வெல்லும் என்பதை அந்த மூன்றாவது வருடம் முழுக்க ஒரு குவைத்திக் குடும்பத்தின் குளியலறைகளைத் தேய்த்தபடி கற்றுக்கொண்டாள். அதோடு ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. கையெழுத்து வைக்குமுன் முழுவதையும் வாசிப்பாள். வங்கியில் அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

திரும்பி வந்தவளைக் கறுப்பையா கண்டுபிடித்தார். அவர் முன்பு தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். தொழிலாளருக்காகப் பேசிப் பேசிப் பழுத்த அனுபவம் வீணாகிவிடக் கூடாது என்று, இப்போது ஆள் சேர்த்துக் கொடுக்கிற வேலையில் இறங்கியிருந்தார்.

"தலாத்துஓயாவுக்கு அங்கிட்டு ஒரு பண்ண," என்றார். "அட்ட கடிக்காது. மழையில நனையத் தேவயில்ல. கூடாரத்துக்குள்ளதான் வேல. தங்க எடமும் குடுக்குறாங்க. நம்ம தமிழாளு பண்ண."

எல்லாம் உண்மை. கூடாரத்துக்குள் அட்டை கடிக்கவில்லை, ஏனென்றால் அந்தச் சூட்டில் அட்டை உயிரோடு இருக்காது. தங்க இடமும் இருந்தது. உரமூட்டை அடுக்கி வைத்திருந்த இரண்டு அறைகளை ஒதுக்கி, மடுல்கெல்லப் பக்கத்திலிருந்து வந்த இருபத்திரண்டு பெண்களை அடுக்கியிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய் வரலாம்.

பண்ணையின் பெயர் 'குடும்பம் அக்ரோ'. பலகையில் அதன் கீழே 'தனியார் வரையறுக்கப்பட்டது' என்றும் எழுதியிருந்தது. குடும்பத்தின் எல்லை எதுவரை என்பதை அந்த இரண்டாவது வரிதான் சொன்னது. முதலாளி விவேகானந்தன் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கத்தில் முப்பத்தைந்து வருடம் பொறியியலாளராக இருந்து, கண்டியில் வீடு கட்டி, ஓய்வுபெற்ற பிறகு சும்மா இருக்க மனமில்லாமல் மலைச்சரிவில் எட்டு ஏக்கர் வாங்கியவர். கெட்ட மனிதர் அல்ல. அதை அவரே அடிக்கடி சொல்லுவார்.

"இஞ்ச முதலாளி, தொழிலாளி எண்டு ஒருத்தரும் இல்லை," என்று பொங்கலன்று எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினார். "நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம். என்னை நீங்கள் தகப்பன் மாதிரி நினைக்க வேணும்."

தகப்பன் பிள்ளைக்கு நியமனக் கடிதம் கொடுப்பதில்லை. அதனால் யாருக்கும் கடிதம் இல்லை. குடும்பத்தில் லீவு என்று ஒன்று கிடையாது. அதனால் லீவும் இல்லை. முன்பு பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண்கள் சிலர் வேலைக்கு வந்தார்களாம். அவர்களுக்குக் குடும்ப உணர்ச்சி போதாது. நான்கு மணியானால் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சம்பளத்தோடு முதலாளி கட்ட வேண்டிய சேமலாப நிதி எங்கே என்று கேட்டார்கள். வீடு தூரமாக உள்ளவர்களிடம்தான் பாசம் வளரும் என்பதை விவேகானந்தன் அப்போதுதான் உணர்ந்து கறுப்பையாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

அந்தப் பொங்கலன்று அவர் தன் மகனைப் பற்றியும் சொன்னார். கிருஷாந் அவுஸ்திரேலியாவில் படிக்கிறான். விடுமுறையில் தூரத்து ஊர் ஒன்றில் பழத்தோட்டத்துக்குப் பறிக்கப் போனான். அங்கே தோட்டக்காரன் ஞாயிற்றுக்கிழமை வேலையைச் சாதாரண நாளாகக் கணக்குக் காட்டப் பார்த்தான். கிருஷாந் விடவில்லை. கையிலிருந்த நியமனக் கடிதத்தோடு அரசாங்கக் கந்தோருக்கு முறைப்பாடு கொடுத்தான். இரண்டு அதிகாரிகள் தோட்டத்துக்கே வந்தார்கள். தோட்டக்காரன் மன்னிப்புக் கேட்டான்.

"என்ர பிள்ளை வேலை செய்ய வந்தவன், பிச்சைக்கு வரேல்லை," என்று சொல்லும்போது விவேகானந்தனின் கண் கலங்கியது. இருபத்திரண்டு பெண்களும் கை தட்டினார்கள்.

மாசி மாதத்தில் ஒரு சிக்கல் வந்தது. ஐரோப்பாவில் குடைமிளகாய் வாங்குகிற கம்பனி, இனிமேல் தொழிலாளரை நீதியாக நடத்துகிற பண்ணையிலிருந்துதான் வாங்குவோம் என்று எழுதியது. அங்கே சாப்பிடுகிறவர்களுக்கு மனச்சாட்சி உறுத்துகிறதாம். நீதியாக நடத்துகிறோம் என்று சொன்னால் போதாது, சான்றிதழ் வேண்டும். பரிசோதனைக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வருவார்.

மூன்று வாரத்தில் பண்ணைக்குள் நீதி மளமளவென்று கட்டி எழுப்பப்பட்டது. நீல ஓடு பதித்து ஒரு புதிய மலசலகூடம் வந்தது. அழுக்காகிவிடும் என்று அதைப் பூட்டிச் சாவியைச் சரிவின் மேலே முதலாளி தங்கும் மேல்வீட்டில் வைத்தார்கள். தொழிலாளர் உரிமைகள் மூன்று மொழிகளில் சுவரில் ஏறின. தமிழ்ப் பதாகை மட்டும் உரமூட்டைக்குப் பின்னால் இருந்தது. கடைசியாக, தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தின் கூட்ட அறிக்கைப் புத்தகம் தேவைப்பட்டது.

சங்கம் இல்லாத இடத்தில் கூட்ட அறிக்கை எழுதுவது எல்லாராலும் முடிகிற காரியமல்ல. விவேகானந்தனின் மனைவி பத்மாதேவியால் முடிந்தது. அவர் இருபத்தெட்டு வருடம் தமிழ் படிப்பித்த ஆசிரியை. ஒரு செவ்வாய்க்கிழமை, தேநீர் இடைவேளையில், பழுப்புக் கடதாசி உறை போட்ட கொப்பியோடு பொதி செய்யும் கொட்டிலுக்கு வந்து கஜலட்சுமியைக் கூப்பிட்டார்.

"இதில உம்மட பேர் இருக்கிற இடமெல்லாம் ஒரு கையெழுத்து வையும் பிள்ளை. பதினொண்டு இருக்கு."

"சரிங்கம்மா," என்று கஜலட்சுமி பேனையை வாங்கிக் காதில் சொருகிக்கொண்டு, முதலாம் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

பத்மாதேவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏன், எழுத்து விளங்கேல்லையோ?"

"நல்லா வெளங்குதுங்கம்மா. அழகான எழுத்து."

எழுத்து மட்டுமல்ல, நடையும் அழகாக இருந்தது. 'தலைவி கஜலட்சுமி அவர்கள் தமது தலைமையுரையில், கூடாரங்களுக்கு மருந்து தெளித்த பின்னர் ஒரு நாள் முழுவதும் எவரும் உட்செல்லாதிருக்கும் நடைமுறையை வெகுவாகப் பாராட்டினார்.' கஜலட்சுமி தன் முழங்கையைப் பார்த்தாள். நேற்று மருந்தடித்து இரண்டு மணித்தியாலத்தில் உள்ளே போனதன் தடிப்பு இன்னும் சிவந்திருந்தது. 'எல்லா அங்கத்தவர்களுக்கும் இறப்பர் பூட்ஸ் வழங்கப்பட்டமை குறித்து அங்கத்தவர்கள் மகிழ்ச்சி தெரிவித்தனர்.' கீழே குனிந்து தன் பாட்டா செருப்பைப் பார்த்தாள். ஆறாவது கூட்டத்துக்கு வந்தபோது நின்றாள்.

"அம்மா, இதுல நியமன லெட்டர் குடுத்ததுக்கு நான் நன்றி சொல்லியிருக்கேன்."

"ஓம். நல்லாத்தானே சொல்லியிருக்கிறீர்."

"சொல்லியிருக்கேங்க. லெட்டர்தான் வரல."

"அது வரும் பிள்ளை. முதல்ல சான்றிதழ் வரட்டும்."

"அப்ப நன்றியும் பெறகு சொல்லலாங்களே."

பத்மாதேவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கஜலட்சுமி கொப்பியை மூடாமல், "இன்னும் அஞ்சு கூட்டம் இருக்குங்கம்மா. நான் என்னென்ன பேசியிருக்கேன்னு தெரியாம கையெழுத்து வச்சா நல்லாயிருக்காது. சாயங்காலம் வரைக்கும் இத வச்சுக்கட்டுங்களா?" என்றாள். வாசிக்கக் கேட்கிற ஒருத்தியிடம் இல்லை என்று சொல்லி இருபத்தெட்டு வருடத்தில் அந்த ஆசிரியைக்குப் பழக்கமில்லை. கொடுத்துவிட்டுப் போனார்.

வேலை முடிந்ததும் அறைக்கு வெளியே உட்கார்ந்து கஜலட்சுமி எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள். அந்தப் பண்ணையில் அவர்கள் அவ்வளவு சிரித்த மாலை வேறு இல்லை. தாங்கள் இவ்வளவு நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. வீரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அறுபது வயது, இருபத்திரண்டு பேரில் மூத்தவள், ஒரு காது மந்தம்.

"எம் பேரு எங்க வருது?" என்றாள்.

"நீங்க நாலு கூட்டத்துக்கு வரலக்கா. ரெண்டுக்கு ஒடம்பு சரியில்ல. ஒண்ணுக்கு ஊருல சாவு. இன்னொண்ணுக்குக் காரணம் எழுதல."

"யாரு செத்தா?"

"அது போடல."

"பதினாலு மாசமா ஒரு நா வேலைக்கு வராம நின்னிருக்கேனா நானு?" வீரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "காச்சலோட வந்து பறிச்சேன். என்னைய மட்டும் ஏன் இப்பிடி வேலக் கள்ளி மாதிரி எழுதி வச்சிருக்கு?"

கடைசியில் பேசியது கமலம். இரண்டு சின்னப் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு வந்தவள். "கையெழுத்த வச்சிட்டு விடுங்கக்கா," என்றாள். "சான்றிதழ் கெடைக்கலன்னா பண்ணய மூடிருவாங்கன்னு கறுப்பையாண்ணே சொல்றாரு. நமக்கு இதுவும் இல்லாமப் போயிரும்."

சிரிப்பு நின்றுவிட்டது. கமலம் சொன்னதில் பிழை இல்லை. கஜலட்சுமிக்கும் வீட்டில் உயர்தரம் படிக்கிற மகள் இருந்தாள், மதனி. தோட்டத்தில் வேலை இல்லை. குவைத்துக்கு இன்னொரு தடவை போக உடம்பு இடம் கொடுக்காது. கையெழுத்து வைத்துவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். அவளை உறுத்தியது நீதியோ தர்மமோ அல்ல, பொறாமை. அந்தக் கொப்பிக்குள் இருக்கிற கஜலட்சுமிக்குப் பூட்ஸ் இருக்கிறது, கடிதம் இருக்கிறது, போய்வர ஓடு பதித்த மலசலகூடம் இருக்கிறது, நாலு பேர் முன் நின்று பேச நாக்கு இருக்கிறது. அவள் படுகிற சுகத்துக்கெல்லாம் இவள் கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

மறுநாள் காலை கொப்பியை எடுத்துக்கொண்டு மேல்வீட்டுக்குப் போனாள். விவேகானந்தன் விறாந்தையில் கதிரை போட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து வச்சாச்சோ?"

"இல்லீங்க ஐயா. வைக்கிறதுக்கு முந்தி இதுல எழுதியிருக்கிறது எல்லாம் நடந்துட்டா நல்லாயிருக்கும். பூட்சு, லெட்டர், அந்தக் கக்கூஸ் சாவி. மருந்தடிச்சா ஒரு நாளு உள்ள போகாம இருக்கிறது. நாங்க புதுசா ஒண்ணும் கேக்கலீங்க. அம்மா எழுதினதுதான்."

அவர் பேப்பரை மடித்தார். கோபம் வரவில்லை. மனம் நொந்துபோனார். அது கோபத்தைவிடப் பெரிய தொல்லை.

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? நான் உங்களை வேறாக்களாவோ பாக்கிறன்? ஒரு குடும்பத்துக்குள்ள ஆரும் கடிதம் கேக்கிறதோ?"

"தம்பி அவுஸ்திரேலியாவுல லெட்டர் கேட்டுத்தானுங்களே போச்சு," என்றாள் கஜலட்சுமி. குத்திக் காட்டுவதற்காக அல்ல. பொங்கலன்று கேட்ட கதை உண்மையிலேயே அவளுக்குப் பிடித்திருந்தது. "அந்த லெட்டர் இருந்ததாலதானே கந்தோருல தம்பி பேச்ச எடுத்தாங்கன்னு நீங்க சொன்னீங்க."

"அது வேற. அது வெள்ளைக்காரன்ர தோட்டம்."

"ஆமாங்க," என்றாள். அவர் மடித்த பேப்பரை மறுபடி விரித்தார். உள்ளே பத்மாதேவி தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பது மட்டும் தெரிந்தது.

அன்று பின்னேரம் விவேகானந்தன் மனைவியிடம், கையெழுத்தை நீயே வைத்துவிடு என்று சொன்னாராம். மேல்வீட்டில் சமைக்கிற பெண் வந்து சொன்னாள். பத்மாதேவி கொதித்துப்போனாராம். "நான் ஒரு ரீச்சராய் இருந்தனான். கள்ளக் கையெழுத்து வைக்கச் சொல்லுறியளோ?" நடக்காத பதினொரு கூட்டங்களைத் தேதி, நேரம், விவாதம், வழிமொழிவு சகிதம் எழுதியது வேறு. அது கட்டுரை. கையெழுத்து என்பது ஒழுக்கம். ஒவ்வொரு மனிதருக்கும் தாண்டாத ஒரு கோடு இருக்கத்தான் செய்கிறது.

கறுப்பையா தொலைபேசியில் வந்தார். "என்னா கஜம், சங்கமெல்லாம் நடத்துறியாம். நாப்பது வருசம் சங்கம் நடத்துனவன் நானு. சொல்றதக் கேளு. சங்கம்னு வந்தா மொதல்ல அடிபடுறது தலைவருதான்."

"நீங்க எங்கண்ணே அடிபட்டீங்க?" என்று கேட்டாள். அவர் இணைப்பைத் துண்டித்துக்கொண்டார்.

இரண்டு நாளில் பூட்ஸ் வந்தது. பண்ணைக்கு லொறி ஓட்டுகிற அரூஸ், அக்குறணையில் ஒரு கடையில் அவசரமாக எடுத்து வந்திருந்தார். இருபத்திரண்டு சோடியும் ஆண்களுக்கான ஒன்பதாம் இலக்கம். "அளவொண்டும் செல்லல்ல லாத்தா," என்று, கஜலட்சுமியை அக்கா முறை வைத்துச் சொல்லி, அரூஸ் கையை விரித்தார். "பூட்ஸ் இரிக்கோணும் எண்டு மட்டுந்தான் சென்ன. படம் எடுக்கப் போதுமாம்." வீரம்மா ஒரு பூட்சுக்குள் பழைய சீலைத் துணியை அடைத்துக்கொண்டு நடந்து பார்த்தாள். வாத்து நடப்பது போல் இருந்தது. ஆனாலும் கழற்றவில்லை.

கடிதங்களும் வந்தன, ஐந்து. பரிசோதகர் நாலைந்து பேரோடுதான் பேசுவாராம். மற்றவர்களுக்குப் பிறகு. கஜலட்சுமி தன் பெயருக்கு வந்ததை இரண்டு தடவை வாசித்தாள். நல்ல கடிதம்தான். "மிச்சம் பதினேழு பேருக்கும் வந்ததும் எல்லாரும் சேர்ந்தே வாங்கிக்கிறோங்க," என்று மேசையில் வைத்துவிட்டு வந்தாள். அந்தக் கடிதத்துக்காக அவளுடைய கை எவ்வளவு ஆசைப்பட்டது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பரிசோதகர் தனுஜா அடுத்த வார வெள்ளிக்கிழமை வந்தாள். முப்பது வயதிருக்கும். கொழும்புத் தமிழும் மடிக்கணினியும் கொண்டு வந்திருந்தாள். நீதியைப் பரிசோதிக்கக் காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை ஒதுக்கியிருந்தாள். அதில் ஒன்றரை மணித்தியாலம் மதியச் சாப்பாட்டுக்குப் போனது. யாழ்ப்பாணத்திலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் வந்த நண்டை அவசரமாகத் தின்ன முடியாது. ஆனால் அவள் முட்டாள் அல்ல. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கொப்பியைப் புரட்டியபோது, பதினொரு இடங்களில் கையெழுத்து இல்லாததைக் கண்டாள்.

"தலைவிக்கு நேரம் கிடைக்கேல்லை," என்றார் விவேகானந்தன்.

"தலைவியை நான் தனியாப் பார்க்கணும்."

கொட்டிலின் மூலையில் இரண்டு கதிரைகள். கஜலட்சுமி பெரிய பூட்சோடு வந்து உட்கார்ந்தாள். கூடார வாசலில் இருபத்தொரு பேரும் பறிப்பது போல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கமலம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்கதான் நலன்புரிச் சங்கத் தலைவியா?"

"அப்பிடித்தான் எழுதியிருக்குங்க."

"இந்தக் கூட்டமெல்லாம் நடந்துச்சா? பயப்படாமச் சொல்லுங்க. நீங்க சொல்றது வெளியில போகாது."

வெளியில் போகாத பேச்சை எதற்குக் கேட்கிறாள் என்று கஜலட்சுமி நினைத்தாள். இல்லை என்றால் சான்றிதழ் போகும், அதோடு இருபத்திரண்டு பேரின் வேலையும் போகும். ஆம் என்றால் அந்தக் கொப்பிக்குள் இருக்கிற கஜலட்சுமி வென்றுவிடுவாள்.

"நடந்திருக்கும்ங்க," என்றாள். "எங்களுக்குத்தான் சொல்லல."

தனுஜா தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். பிறகு நியமனக் கடிதங்களைக் கேட்டாள். ஐந்து வந்தன. பெயர்ப்பட்டியலில் இருபத்திரண்டு இருந்தது. பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்தாள். விரல் வீரம்மாவில் நின்றது. வீரம்மாவுக்குக் கேள்விகள் பாதிதான் கேட்டன. அதனால் தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னாள். உரக்கச் சொன்னாள். தான் ஒரு நாளும் வேலைக்கு வராமல் நின்றதில்லை என்பதை மூன்று தடவை சொன்னாள். புதிய மலசலகூடம் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "வெளியில நல்லா இருக்குங்க, உள்ள பாத்ததில்ல," என்றாள்.

கதை இங்கே பண்ணைக்குச் சீல் வைப்பதில் முடிந்தால் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஐரோப்பாக்காரருக்கு மனச்சாட்சியும் வேண்டும், மலிவான குடைமிளகாயும் வேண்டும். பரிசோதனை அறிக்கையில் பண்ணைக்கு மஞ்சள் நிறம் கிடைத்தது. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. குறைகளைத் திருத்தத் தொண்ணூறு நாள். மிளகாய் அதுவரை கப்பலேறலாம்.

விவேகானந்தன் ஒரு வாரம் கஜலட்சுமியின் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு கறுப்பையாவை அழைத்து ஆலோசித்தார். ஆலோசனையின் விளைவாகக் கறுப்பையா ஒரு கம்பனி பதிவு செய்தார். இருபத்திரண்டு பேரும் இனிமேல் பண்ணையின் ஆட்கள் அல்ல, கறுப்பையா கம்பனியின் ஆட்கள். கடிதம் அவர் கொடுப்பார். புதிய சேர்ட்டு அணிந்துகொண்டு வந்து, ஆங்கிலத்தில் அச்சடித்த இரண்டு பக்கக் கடிதத்தை அவரே கையோடு விநியோகித்தார். எல்லாரும் வாங்கினார்கள். எல்லாரும் கஜலட்சுமியைப் பார்த்தார்கள்.

"தமிழ்ல வேணும்ண்ணே," என்றாள்.

"இங்கிலீசுல இருந்தாத்தான் மதிப்பு."

"யாருக்கு?"

ஊருக்குப் போகிற சனிக்கிழமையன்று மகள் மதனி அகராதியை வைத்துக்கொண்டு அதை வரி வரியாகச் சொன்னாள். திங்கட்கிழமை காலை கண்டியில் இறங்கியதும், கஜலட்சுமி பண்ணைக்குப் போகாமல் தொழில் கந்தோருக்குப் போனாள். அங்கே ஒரு தமிழ் உத்தியோகத்தர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, இதில் கையெழுத்து வைத்திருப்பவர்தான் முதலாளி என்றால் சேமலாப நிதி, வேலைக்காரர் விபத்துக்குப் பொறுப்பு, விலக்குவதென்றால் முன்னறிவித்தல் எல்லாம் இவர் தலையில்தான் என்று விளக்கினார். கஜலட்சுமி அதை ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்து கறுப்பையாவிடமே கொடுத்தாள்.

அவர் அதைக் கொட்டில் வாசலில் நின்று வாசித்தார். நாற்பது வருடம் முதலாளிமாரிடம் இவற்றைக் கேட்டுக் கோஷம் போட்டவர். ஆனால் கேட்பதும் கொடுப்பதும் ஒரே ஆளின் வேலையாக முடியுமா? பத்தொன்பதாவது நாளே கம்பனி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கிறாராம்.

எண்பத்தேழாவது நாள் விவேகானந்தன் தன் கையெழுத்தில் இருபத்திரண்டு கடிதங்கள் கொடுத்தார். தமிழில். ஒவ்வொன்றையும் நீட்டும்போது, மகளைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் போல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். கஜலட்சுமி இரண்டு கையாலும் வாங்கினாள், அங்கேயே நின்று வாசித்தாள். வரிசை காத்திருந்தது. ஒருவரும் பல்லைக் கடிக்கவில்லை. கடைசி வரியை முடித்தபோது அவளுடைய கண்ணில் தண்ணீர் நின்றது. அதைக் கூடாரத்து மருந்தின் மேல் பழி போட்டாள்.

மலசலகூடம் திறந்தது. மருந்தடித்தால் அரை நாள் உள்ளே போவதில்லை. ஒரு நாள் என்பது கொப்பியில் மட்டும்தான் இன்னும் இருக்கிறது. சங்கக் கூட்டம் மாதத்தின் முதல் புதன்கிழமை உண்மையாகவே நடக்கிறது. சான்றிதழ்க்காரர் கேட்பதால் விவேகானந்தனும் வந்து உட்காருகிறார். அறிக்கை எழுதுவது பத்மாதேவிதான். உண்மையான கூட்டங்கள் இலக்கியத்துக்கு உதவாது என்பது அவருடைய மனக்குறை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், வழிமொழிய ஒருவருக்கும் தெரியவில்லை, போன மாதம் ஒரு மணித்தியாலம் குளிக்கிற தண்ணீரைப் பற்றியே போனது. வீரம்மா எல்லாக் கூட்டத்துக்கும் வந்துவிடுகிறாள். முன்வரிசையில் உட்கார்ந்து நித்திரை கொள்கிறாள்.

இவ்வளவு நடந்த பிறகும், இந்த வருடம் பயிர் மாற்றுவதற்காகச் சில வாரம் வேலை நின்று புதிய பருவம் தொடங்கியபோது ஆறு பேரைத் திரும்பக் கூப்பிடவில்லை. காரணம் சொல்லவில்லை. அதில் கமலமும் ஒருத்தி. கையெழுத்தை வைத்துவிடச் சொன்னவள்தான் முதலில் போனாள். கடிதத்தில் ஒரு மாத முன்னறிவித்தல் என்று தெளிவாக இருக்கிறது. கேட்டால், "உற்பத்தி குறைஞ்சு போச்சு பிள்ளை, நான் என்ன செய்ய?" என்கிறார் விவேகானந்தன். மனம் நொந்துதான் சொல்கிறார். ஆறு கடிதங்களின் போட்டோக் கொப்பியோடு கஜலட்சுமி தொழில் கந்தோருக்கு இரண்டு தடவை போய் வந்துவிட்டாள். ஒரு தடவை உத்தியோகத்தர் லீவு. மற்றத் தடவை முறைப்பாட்டை எடுத்துக்கொண்டு, பண்ணைக்காரருக்கும் அறிவித்து, அடுத்த மாதம் பதினான்காம் திகதி விசாரணை போட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு அவளுக்கு லீவு வேண்டும். கடிதத்தில் வருடத்துக்குப் பதினான்கு நாள் லீவு இருக்கிறது, ஆனால் எழுத்தில் கேட்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'விசாரனை' என்று எழுதி, மேல்வீட்டில் கொடுத்தாள். பத்மாதேவி கண்ணாடியைப் போட்டு வாசித்தார். யாருக்கு எதிரான விசாரணை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சிவப்புப் பேனையை எடுத்து 'ன'வை வெட்டி 'ண' போட்டார். கீழே அனுமதி என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

"ஒம்போதரைக்குங்கம்மா."

"அப்ப விடிய ஆறரை பஸ்ஸுக்கே போம். பிந்திப் போனால் வேற நாளுக்குத் தவணை போட்டுவிடுவினம்."